சீட் கிடைக்காத பிள்ளையோடு ஜூன், ஜூலையைக் கடப்பது எப்படி?

பிளஸ் டூ முடித்து, நீட் எழுதி, எதிர்பார்த்த மார்க் வராமல் பிள்ளை அறைக்குள் முடங்கிக் கிடக்கும் வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். 2025-ல் எங்கள் வீடு அப்படித்தான் இருந்தது. மகளுக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்தே டாக்டர் ஆசை. மார்க்கைப் பார்த்ததுமே அரசு ஒதுக்கீட்டில் இடம் வராது என்று தெரிந்துவிட்டது. அதன் பிறகு யாரைக் கேட்டாலும் ஆறுதல் சொன்னார்கள், இல்லையென்றால் ஏதாவது ஒரு கல்லூரியின் பெயரைச் சொன்னார்கள். எந்தத் தேதிக்குள் எங்கே என்ன தாள் கொடுக்க வேண்டும், அந்த நேரத்தில் பிள்ளையை எப்படி வைத்துக்கொள்வது என்று இரண்டையும் சேர்த்துச் சொல்ல ஆள் இல்லை. இன்ஜினீயரிங் கட்-ஆஃப் குறைந்து, நினைத்த கல்லூரி கைநழுவிய வீடுகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

மேலே படிப்பதற்கு முன் ஒன்று. பிள்ளையின் வருத்தம் எப்போது தீரும் என்று யாராலும் சொல்ல முடியாது. கவுன்சிலிங், அதாவது கல்லூரி இடம் ஒதுக்கும் கலந்தாய்வு, எப்போது முடியும் என்று இணையதளத்திலேயே போட்டிருக்கிறார்கள். வருத்தத்தில் இருக்கும் பிள்ளையைப் பிடித்து உட்கார வைத்து "என்ன படிக்கப் போறே, இப்பவே சொல்லு" என்று கேட்கிற வீட்டில் இரண்டும் கெடுகிறது. தேதிகளையும் தாள்களையும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். முடிவெடுக்க வேண்டிய நாள் வரும்வரை பிள்ளையை அதன் போக்கில் விடுங்கள்.

1. ரிசல்ட் வந்த அன்றும் மறுநாளும்

பேச்சைக் குறையுங்கள். "அப்பவே சொன்னேன், போனை வச்சிட்டுப் படின்னு" என்பதை எந்தக் காரணம் கொண்டும் சொல்லாதீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் இன்னொன்றையும் சேர்ப்பேன்: "பரவாயில்ல, விடு" என்பதையும் சொல்ல வேண்டாம். இரண்டு வருஷம் காலை ஐந்து மணிக்கு எழுந்த பிள்ளைக்கு அது பரவாயில்லாத விஷயம் இல்லை. "பணம் இவ்வளவு கட்டினோமே" என்ற கணக்கும், பக்கத்துத் தெருப் பையனின் மார்க்கும் உங்கள் வாயிலிருந்து வரக்கூடாது.

எங்கள் வீட்டில் வேலை செய்த வாக்கியம் இதுதான்: "கஷ்டமாத்தான் இருக்கும் கண்ணு. இப்ப எதுவும் முடிவு பண்ண வேண்டாம். தேதியெல்லாம் அம்மா பாத்துக்கறேன்." இதைச் சொல்லிவிட்டு, நேரத்துக்குச் சாப்பாட்டை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

பிள்ளைகள் இந்த நாட்களில் ஒரு கணக்குப் போடுவார்கள். ஓ.எம்.ஆர். விடைத்தாள் நகலையும் ஆன்சர் கீயையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுக்கொண்டே இருப்பாள் என் மகள். நீட்டில் சரியான விடைக்கு 4 மார்க், தவறுக்கு ஒன்று கழியும். அதனால் தெரிந்த ஒரு கேள்வியைத் தப்பாகப் போட்டால் 5 மார்க் போகிறது. "இந்த மூணை மட்டும் சரியாப் போட்டிருந்தா பதினஞ்சும்மா" என்று ராத்திரி பதினோரு மணிக்கு வந்து சொல்வாள். தாளைப் பிடுங்கி வைக்கத்தான் கை வந்தது. ஆனால் பிடுங்க வேண்டாம். கொஞ்ச நாளில் அந்தக் கணக்கு தானாகவே அலுத்துவிடும். அந்தத் தாளைப் பத்திரமாகவும் வைத்துக்கொள்ளுங்கள், 7-ம் படியில் அதற்கு வேலை இருக்கிறது.

2. எப்போது உதவி கேட்க வேண்டும்

அழுவது, கதவைச் சாத்திக்கொள்வது, நண்பர்களின் ஸ்டேட்டஸைப் பார்த்து எரிச்சல் படுவது எல்லாம் இயல்பு. தூக்கமே இல்லாமல் நாட்கள் போவது, சாப்பாட்டை அடியோடு விடுவது, தனக்குப் பிடித்த பொருட்களை மற்றவர்களுக்குக் கொடுப்பது, "நான் இல்லைன்னா உங்களுக்குச் செலவு மிச்சம்" என்பது மாதிரிப் பேச்சு, இவை வேறு. விளையாட்டாகச் சொன்னாலும் அப்படியே விட்டுவிடக் கூடாது.

நேராகக் கேளுங்கள்: "செத்துப் போகணும்னு தோணுதா கண்ணு?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டதாக ஆகிவிடும் என்று பயப்பட வேண்டாம், கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை என்றுதான் மனநல மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆமாம் என்றாலோ, பதில் சொல்லாமல் அழுதாலோ, தனியாக விடாதீர்கள். வீட்டில் பூச்சிமருந்து, எலி மருந்து, தாத்தா பாட்டியின் மாத்திரைகள் இருந்தால் வீட்டை விட்டே அப்புறப்படுத்துங்கள், இல்லையென்றால் பூட்டி வையுங்கள். ஆபத்து என்று தோன்றினால் எதற்கும் காத்திராமல் பக்கத்தில் உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.

போனில் பேச இரண்டு எண்கள்: தமிழக அரசின் 104, மத்திய அரசின் டெலி-மனஸ் 14416. இரண்டும் இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். பிள்ளை பேச மறுத்தால் நீங்களே கூப்பிட்டு, என்ன செய்வது என்று கேட்கலாம். நேரில் பார்க்க வேண்டுமென்றால் மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு, கட்டணம் இல்லை. "பைத்தியக்கார டாக்டர்கிட்டயா?" என்று கேட்கும் மாமியாருக்கு, தூக்கம் வராததற்குக் காட்டப் போகிறோம் என்று சொல்லுங்கள். பொய்யும் இல்லை.

3. சொந்தக்காரர்களுக்கு ஒரே ஆள், ஒரே பதில்

வைகாசியும் ஆனியும் முகூர்த்த மாதங்கள். கல்யாணப் பந்தியில்தான் "பாப்பா என்ன சேர்ந்திருக்கு?" என்ற கேள்வி வரும். இந்த ஒரு வருஷம் பிள்ளையைக் கட்டாயப்படுத்தி எந்த விசேஷத்துக்கும் கூட்டிப் போக வேண்டாம்.

போன் கால்களுக்கு வீட்டில் ஒருவரை நியமியுங்கள். எங்கள் வீட்டில் அவள் அப்பா. எல்லோருக்கும் ஒரே வரி: "மார்க் வந்திருக்குங்க பெரியப்பா, கவுன்சிலிங் பார்த்துட்டு நானே கூப்பிட்டுச் சொல்றேன்." எத்தனை மார்க் என்று இரண்டாம் முறை கேட்டாலும் அதே வரிதான். பிள்ளையின் அனுமதி இல்லாமல் மார்க்கைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். நல்ல மார்க் எடுத்த அத்தை மகளுக்கு நீங்கள் வாழ்த்துச் சொல்லலாம், அதை உங்கள் பிள்ளையும் சொல்லியாக வேண்டும் என்று நிற்காதீர்கள்.

4. மார்க்குக்கு உண்மையில் என்ன அர்த்தம் என்று பாருங்கள்

இது பெற்றோரின் வேலை. பிள்ளை பக்கத்தில் இல்லாதபோது செய்யுங்கள்.

நீட்டில் "குவாலிஃபைட்" என்று வந்தால் சீட் உண்டு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. 2025-ல் 720-க்கு பொதுப் பிரிவில் 144, ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவுகளில் 113 எடுத்தவர்கள் தகுதி பெற்றார்கள். அரசுக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். கிடைக்க அதற்கு வெகு மேலே வேண்டும். போன வருஷ மார்க்கை இந்த வருஷ மார்க்கோடு ஒப்பிடுவதும் பொறி. 2024-ல் முதலிடம் 720, 2025-ல் முதலிடமே 686. வினாத்தாள் அவ்வளவு கடினம். ஆகவே மார்க்கை விட்டுவிட்டு, ரேங்கை ரேங்கோடு ஒப்பிடுங்கள். மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு ஒவ்வொரு வருஷமும் தரவரிசைப் பட்டியல் வெளியிடுகிறது. உங்கள் சமூகப் பிரிவில் கடைசி இடம் எந்த ரேங்குக்குப் போனது என்று அதை வைத்துப் பாருங்கள். பிள்ளை 6-ம் வகுப்பு முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுப் பட்டியல் தனி. அதில் கணக்கே வேறு.

நீட்டுக்கு மறுமதிப்பீடு கிடையாது. தற்காலிக ஆன்சர் கீ வரும்போது ஒரு கேள்விக்கு 200 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம், அவ்வளவுதான். ரிசல்ட் வந்த பிறகு "மார்க்கைத் திருத்தித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் அது மோசடி.

பிளஸ் டூ மார்க்குக்கு வழி இருக்கிறது. முதலில் விடைத்தாள் நகல், சமீப ஆண்டுகளில் ஒரு பாடத்துக்கு 275 ரூபாய். நகலைப் பாட ஆசிரியரிடம் காட்டி, மார்க் ஏறும் என்று அவர் சொன்னால் மட்டும் மறுமதிப்பீடு, 505 ரூபாய். இதற்கு ரிசல்ட் வந்து சில நாட்கள்தான் அவகாசம், அதனால் அன்றைக்கே பள்ளியில் கேட்டுவிடுங்கள். இன்ஜினீயரிங் கட்-ஆஃபில் கணக்கு 100, இயற்பியலும் வேதியியலும் தலா 50 ஆகக் குறைத்துக் கணக்கிடப்படும். கணக்கு 92, இயற்பியல் 84, வேதியியல் 88 என்றால் 92 + 42 + 44 = 178. கணக்கில் ஏறும் ஒரு மார்க் முழுதாக ஏறும், மற்ற இரண்டில் அரைதான். பணம் கட்டும் முன் இதை நினைவில் வையுங்கள்.

5. தேதிகள்: பெரிய பொறி இங்கேதான்

2025-ல் நடந்ததைப் பாருங்கள். பிளஸ் டூ ரிசல்ட் மே 8. அரசு கலை அறிவியல் கல்லூரி விண்ணப்பம் மே 27-ல் முடிந்தது. இன்ஜினீயரிங் பதிவு ஜூன் 6-ல் முடிந்தது. நீட் ரிசல்ட் ஜூன் 14. அதாவது, நீட் மார்க்கைப் பார்த்துவிட்டு மற்றதை யோசிப்போம் என்று இருந்த வீடுகளுக்கு, யோசிக்க உட்கார்ந்தபோது இரண்டு கதவு சாத்தியிருந்தது. ஒவ்வொரு வருஷமும் தேதி கொஞ்சம் மாறும். வரிசை பெரும்பாலும் இப்படித்தான்.

ஆகவே பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்திலேயே எல்லாவற்றுக்கும் பதிந்துவிடுங்கள். செலவு பெரிதில்லை. இன்ஜினீயரிங் பதிவுக் கட்டணம் 500 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 250. அரசு கலைக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் 48, பதிவு 2 என மொத்தம் 50 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 2 ரூபாய் மட்டும். வேளாண் பல்கலைக்கழகம், கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் இரண்டுக்கும் தனித்தனி இணையதளம், தனித்தனி விண்ணப்பம். கால்நடை மருத்துவத்தில் மாநில ஒதுக்கீட்டு இடங்கள் பிளஸ் டூ மார்க்கில்தான் நிரம்புகின்றன, நீட் கேட்பதில்லை. உயிரியல் பிடித்த பிள்ளைக்கு இது பலர் கவனிக்காத வழி. பி.எஸ்சி. நர்சிங், பி.ஃபார்ம் போன்றவற்றுக்கு மருத்துவக் கல்வி இயக்ககத்தில் துணை மருத்துவப் படிப்பு விண்ணப்பம் தனியாக வரும். விதிகள் மாறிக்கொண்டிருப்பதால் அந்த வருஷ விளக்கக் குறிப்பேட்டைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

பிள்ளை "டாக்டரைத் தவிர வேற எதுக்கும் போட மாட்டேன்" என்று சொல்லும். வாதம் வேண்டாம். "சேரச் சொல்லல, பேர் மட்டும் கொடுத்து வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு நீங்களே போடுங்கள். ஓ.டி.பி. எண்ணைச் சொல்ல வைப்பது மட்டும்தான் பிள்ளையிடம் இருந்து தேவை. பதிவுக்கு உங்கள் மொபைல் எண்ணையே கொடுத்துவிட்டால் அதுவும் வேண்டாம்.

காலக்கெடு எல்லாம் தவறிப்போய்விட்டதா? இன்ஜினீயரிங் கவுன்சிலிங்கில் கடைசியில் துணைக் கலந்தாய்வு உண்டு. கலைக் கல்லூரிகளில் காலி இடங்களுக்கு மறுபடியும் அறிவிப்பு வரும். தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்தில் "உயர்வுக்குப் படி" என்ற பெயரில், எங்கும் சேராத மாணவர்களுக்காக மாவட்டந்தோறும் முகாம் நடத்துகிறார்கள். பள்ளித் தலைமையாசிரியரிடம் கேட்டால் தேதி சொல்வார்.

6. தாள்கள்

பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார். இந்த ஐந்தும் எல்லா இடத்திலும் கேட்பார்கள். வருமானச் சான்றிதழ் உதவித்தொகைக்கு வேண்டும். இன்ஜினீயரிங்குக்கு, 8 முதல் 12 வரை ஏதாவது ஒரு வருஷம் வெளி மாநிலத்தில் படித்திருந்தால் இருப்பிடச் சான்றிதழும் தேவை. குடும்பத்தில் யாரும் பட்டதாரி இல்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்குங்கள், கல்விக் கட்டணத்தில் சலுகை கிடைக்கும். ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான். அண்ணனுக்கு வாங்கியிருந்தால் தங்கைக்குக் கிடைக்காது.

சாதி, வருமான, இருப்பிட, முதல் பட்டதாரிச் சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போடலாம், ஒரு சான்றிதழுக்கு 60 ரூபாய். அங்கிருந்து கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று நகரும். மே, ஜூனில் ஊரே இதற்குத்தான் நிற்கும். அதனால் தேர்வு முடிந்த ஏப்ரலிலேயே போட்டுவிடுவது நல்லது.

எல்லாவற்றையும் மேஜைமேல் வரிசையாகப் பரப்பிப் பெயரை எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். எங்களுக்கு இழுத்தடித்தது இதுதான். சாதிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருந்தது, ஆதாரில் அப்பாவின் முழுப் பெயர் பின்னால் இருந்தது, மார்க் ஷீட்டில் இனிஷியல் இரண்டு. பிள்ளை ஒன்று, தாளுக்குத் தாள் ஆள் வேறு. மார்க் ஷீட்டில் உள்ளபடி மற்றவற்றை மாற்றுவதுதான் சுலபம், மார்க் ஷீட்டை மாற்றுவது நீண்ட வேலை.

அரசு மருத்துவக் கல்லூரிகளின் அகில இந்திய 15 சதவீத ஒதுக்கீட்டுக்கும் மத்திய கல்வி நிறுவனங்களுக்கும் நம் சாதிச் சான்றிதழ் போதாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும், அதுவும் அந்த நிதியாண்டில் வாங்கியதாக இருக்க வேண்டும். போன வருஷத்தை நீட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

எதற்கும் அசல் ஒரு ஃபைல், நகல் ஒரு ஃபைல். அசலைப் பிள்ளையிடம் கொடுத்து அனுப்பாதீர்கள். கோபத்தில் இருக்கும் பிள்ளை பேருந்திலேயே விட்டுவிட்டு வரும்.

7. மறுபடியும் எழுதுவதா, சேர்வதா?

எல்லா வீட்டிலும் சண்டை இதில்தான். ரிசல்ட் வந்த வாரத்தில் இதை முடிவு செய்ய வேண்டாம். கோச்சிங் மையங்கள் அந்த வாரத்தில்தான் போன் செய்யும், "இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சேர்ந்தால் சலுகை" என்பார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அதே சலுகை இருக்கும், நான் விசாரித்துப் பார்த்துவிட்டேன்.

பிள்ளை கொஞ்சம் பேச ஆரம்பித்ததும், அந்தச் சிவப்பு வட்டம் போட்ட தாளை எடுத்து இருவரும் உட்காருங்கள். உயிரியலில் 90 கேள்விக்கு 360 மார்க், இயற்பியலும் வேதியியலும் தலா 45 கேள்விக்கு 180. மார்க் எங்கே போயிருக்கிறது? உயிரியலில் அவசரத்தில் விட்டது அதிகம் என்றால் இன்னொரு வருஷப் பயிற்சியில் மீட்க வாய்ப்பு உண்டு. இயற்பியலில் பாதிக்கு மேல் தொடவே இல்லை என்றால், அதே புத்தகத்தை அதே மாதிரி இன்னொரு வருஷம் படிப்பதால் பெரிதாக மாறாது. சொல்லித்தரும் முறை மாற வேண்டும். அது எங்கே கிடைக்கும் என்பதற்கு விடை இருந்தால் மட்டும் மறுமுறை பற்றி யோசியுங்கள்.

அப்புறம், யாருக்கு இந்த ஆசை? அப்பாவுக்கா, பிள்ளைக்கா? பிள்ளையிடம் தனியாகக் கேட்க வேண்டும், வீட்டில் எல்லோரும் சுற்றி நிற்கும்போது அல்ல. என் கணவர் இல்லாத ஒரு மதியம் கேட்டேன். "டாக்டர் ஆகணும்தான். ஆனா இன்னொரு வருஷம் அந்த ஹாஸ்டல்ல இருக்க முடியாதும்மா" என்றாள். அது வரைக்கும் ஹாஸ்டல் ஒரு பிரச்சினை என்றே எங்களுக்குத் தெரியாது.

மறுமுறைதான் என்று முடிவானால், செலவை முதலிலேயே எழுதிப் பாருங்கள். நல்ல பெயர் உள்ள மையங்களில் பயிற்சியும் விடுதியும் சேர்த்து லட்சத்தைத் தாண்டிவிடும். முழுப் பணத்தையும் ஒரே தவணையில் கட்டாதீர்கள், அசல் சான்றிதழ்களைக் கொடுக்காதீர்கள். பாதியில் நின்றால் மீதிக் காலத்துக்கான கட்டணத்தைக் கணக்கிட்டு 10 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் கோச்சிங் மையங்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. அதை மேற்கோள் காட்டி, திருப்பித் தருவீர்களா என்று சேரும் முன்பே எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுக்கும் இடத்தில் சேர வேண்டாம்.

நடுவழியும் ஒன்று உண்டு: ஒரு படிப்பில் சேர்ந்துகொண்டே இன்னொரு முறை எழுதுவது. இதற்கு வயது வரம்போ முயற்சி வரம்போ இப்போது இல்லை. இன்ஜினீயரிங்கில் செமஸ்டர் பாடங்களோடு நீட் படிப்பது ரொம்பச் சிரமம். கலை அறிவியல் கல்லூரியில் விலங்கியல், தாவரவியல் படித்துக்கொண்டு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். என் கருத்து, வீட்டில் சும்மா இருந்து படிப்பதைவிட இது பிள்ளையின் மனதுக்கு நல்லது. காலையில் குளித்துக் கிளம்ப ஓர் இடம் இருக்கிறது.

8. சாய்ஸ் பட்டியல் போடும்போது

இன்ஜினீயரிங் கவுன்சிலிங்கில் விருப்பமான கல்லூரியையும் பாடத்தையும் வரிசைப்படுத்திக் கொடுப்பதுதான் சாய்ஸ். தரவரிசைப் பட்டியல் வந்த பிறகுதான் பிள்ளையை இதற்குள் இழுக்க வேண்டும். அதற்குள் நீங்கள் ஒரு நீள நோட்டு வாங்கி, முந்தைய வருஷம் எந்தக் கல்லூரியில் எந்தப் பாடம் உங்கள் சமூகப் பிரிவில் எந்தக் கட்-ஆஃபில் முடிந்தது என்று பென்சிலில் எழுதி வையுங்கள். இன்ஜினீயரிங் இணையதளத்தில் அந்தப் பட்டியல் இருக்கிறது.

நோட்டை மேஜைமேல் திறந்து வைத்துவிட்டு விலகிவிடுங்கள். என் மகள் முதலில் திரும்பியே பார்க்கவில்லை. பிறகு ஒருநாள் காலையில் பார்த்தால், நான் எழுதியிருந்த வரிகளில் பாதியை அடித்துவிட்டு, ஓரத்தில் உணவுத் தொழில்நுட்பம் உள்ள கல்லூரிகளை அவளே வரிசைப்படுத்தி எழுதியிருந்தாள். நான் அந்தப் பாடத்தை யோசித்ததே இல்லை.

சாய்ஸ் கொடுக்க மூன்று நாள், வந்த இடத்தை உறுதி செய்ய இரண்டு நாள் என்று அவகாசம் மிகக் குறைவு. எத்தனை சாய்ஸ் வேண்டுமானாலும் கொடுக்கலாம், அதனால் கஞ்சத்தனம் வேண்டாம். வரிசைதான் முக்கியம்: உண்மையிலேயே அதிகம் விரும்புவது மேலே. கிடைக்காது என்று நினைத்து அதைக் கீழே போடாதீர்கள். இடம் வந்ததும் ஏற்றுச் சேரலாம், ஏற்றுக்கொண்டு மேலே உள்ள சாய்ஸுக்குக் காத்திருக்கலாம், மறுத்துவிட்டுக் காத்திருக்கலாம், அடுத்த சுற்றுக்குப் போகலாம், விலகிவிடலாம். எதையும் அழுத்தாமல் விட்டால் இடம் போய்விடும். பிள்ளை மனநிலை சரியில்லாத நாளில் இந்தப் பொத்தானை நள்ளிரவில் தனியாக அழுத்த விடாதீர்கள். இருவரும் சேர்ந்து, பகலில் செய்யுங்கள். பாஸ்வேர்டை யாரிடமும், பள்ளியில் உதவுகிறவரிடம் கூட, கொடுக்க வேண்டாம். வேறு யாரோ சாய்ஸை மாற்றிப் பூட்டிவிட்டால் திருத்த வழி இல்லை.

9. பணம் கேட்டு வரும் போன்கள்

மார்க் குறைந்த வீட்டின் எண் எப்படித்தான் வெளியே போகிறதோ, ரிசல்ட் அன்றே ஆரம்பிக்கும். "மேனேஜ்மென்ட் கோட்டாவில் எம்.பி.பி.எஸ். உறுதி, அட்வான்ஸ் மட்டும் போடுங்க" என்பார்கள். தனியார் கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீடும் நிகர்நிலைப் பல்கலைக்கழக இடங்களும்கூடக் கவுன்சிலிங் வழியாகத்தான் நிரப்பப்படுகின்றன. ஏஜென்ட் கையில் சீட் இல்லை. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கட்டணம் வருஷத்துக்கு 20 லட்சத்துக்கும் மேல். நன்கொடை வாங்குவது தமிழ்நாட்டில் 1992-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

வெளிநாட்டு எம்.பி.பி.எஸ். என்று வருகிறவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள். படிப்பு 54 மாதங்களுக்குக் குறையாமல் இருக்கிறதா? அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி உண்டா? ஆங்கிலத்தில்தான் நடத்துகிறார்களா? இவை தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகள். நீட் தகுதியும் கட்டாயம். திரும்பி வந்ததும் இங்கே ஒரு தேர்வு எழுதித் தேற வேண்டும் என்பதை ஏஜென்ட் கடைசியில்தான் சொல்வார், சில சமயம் அதையும் சொல்ல மாட்டார்.

பிள்ளையின் காதில் இந்தப் பேச்சு விழாமல் பாருங்கள். "வீட்டை வித்தாவது டாக்டராக்குறேன்" என்று அப்பா சொல்வது அன்பில்தான். கேட்கும் பிள்ளைக்கு அது இன்னொரு பாரம்.

10. சேர்ந்த பிறகு விலக வேண்டி வந்தால்

ஜூலையில் இன்ஜினீயரிங் சேர்ந்துவிட்டு, ஆகஸ்டில் மருத்துவக் கவுன்சிலிங்கில் இடம் வந்தால் மாறலாம். அதனால் முதல் தவணையைக் கட்டும்போதே ரசீதை வாங்கி வையுங்கள். தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. அறிவிக்கும் கடைசித் தேதிக்குள் விலகினால், அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைக் கல்லூரி திருப்பித் தர வேண்டும். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கவும், மீதி வருஷங்களின் கட்டணத்தைக் கேட்கவும் உரிமை இல்லை. விலகல் கடிதத்தைத் தேதியோடு எழுதி, நகலில் கல்லூரி முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள், மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். எங்கள் உறவில் ஒருவருக்கு வாய்மொழியாகச் சொன்னதால் தேதி தாண்டிப் பணம் சிக்கிக்கொண்டது.

மறுமுறை எழுதுகிற எண்ணம் இருந்தால், நீட் விண்ணப்பம் பிப்ரவரி வாக்கில் திறந்து சுமார் ஒரு மாதத்தில் முடியும். 2025-ல் பிப்ரவரி 7 முதல் மார்ச் 7 வரை இருந்தது. கட்டணம் பொதுப் பிரிவுக்கு 1,700 ரூபாய், ஓ.பி.சி. பிரிவுக்கு 1,600, எஸ்.சி., எஸ்.டி. பிரிவுகளுக்கு 1,000. ஓ.பி.சி. சான்றிதழ் நிதியாண்டு மாறினால் காலாவதியாகும் என்று சொன்னேன் அல்லவா, கவுன்சிலிங்குக்குக் காட்டுவதை ஏப்ரல் 1-க்குப் பிறகு புதிதாக வாங்க வேண்டும். முதல் செமஸ்டர் முடிந்து பிள்ளை பொங்கலுக்கு வீட்டுக்கு வரும்போது, எழுதப் போகிறாயா என்று ஒரு முறை கேளுங்கள். வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள்.